முன்னால் நிற்பவர்கள்

எனக்கு முன்னால் யாராவது நின்றால் பிடிக்காது. இதைச் சொல்ல வெட்கமில்லை, என்னை அறிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கோயில் பிரசாத வரிசையோ, மீ கோரேங் நூடுல்ஸ் கடையோ, தபால் நிலையமோ, போய் நின்றதும் எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணிவிடுவேன். எண்ணி முடித்ததும் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் இதற்காக டீச்சரிடம் அடிகூட வாங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் பதினோரு வருடம் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தேன். வீடு தம்போயில். வேலை அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தயாராகி வரும் சாமான்களில் பழுது பார்த்து ஒதுக்குவது. விடிவதற்கு முன்னே எழுந்து, ஒரு பஸ் ஏறி, இறங்கி, படிக்கட்டில் ஓடி, பாஸ்போர்ட்டைக் காட்டி, மறுபடி ஓடி, இன்னொரு பஸ்ஸில் முழங்கையால் இடித்து ஏறி, பாலத்தில் ஊர்ந்து, அந்தப் பக்கம் இறங்கி மறுபடியும் ஓடுவேன். அந்தக் கூட்டத்தில் ஓடாதவர்கள் இரண்டு வகைதான். ஒன்று கர்ப்பிணிகள், இன்னொன்று அன்றைக்குத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும் ஒரு வாரத்தில் ஓடப் பழகிவிடுவார்கள்.

பஸ் நகராமல் நிற்கும் நாட்களில் பக்கத்தில் நிற்பவளிடம் நான் வழக்கமாக ஒன்று சொல்வேன்.

"பாதிப் பேர் இல்லாமப் போனாத்தான் நமக்கெல்லாம் வழி கெடைக்கும் லா."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். யாரும் மறுத்ததாக ஞாபகம் இல்லை. சிரித்த ஒவ்வொருவரும் தன்னை மிச்சப் பாதியில் வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஜாமில் நின்று நின்று கைப்பேசியில் படித்துப் படித்து எனக்கு ஒரு கொள்கையே வந்துவிட்டது. பூமி தாங்காத அளவுக்கு மனிதர்கள் பெருகிவிட்டார்கள், எல்லாப் பிரச்சினைக்கும் அதுதான் வேர் என்று யாரிடமும் வாதம் செய்வேன். பழைய காலத்தில் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகக் காலியானதையும், மிஞ்சியவர்களுக்குப் பிறகு நிலமும் நல்ல கூலியும் கிடைத்ததையும் எங்கேயோ படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தோழிகளிடம் சொன்னேன். மிஞ்சியவர்கள் என்ற சொல் எனக்கு அப்போது இனித்தது. செத்தவர்களைப் பற்றி அந்தக் கட்டுரையிலும் அதிகம் இல்லை.

வீட்டிலும் கூட்டம்தான். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். மொத்தம் ஏழு பேருக்கு ஒரு குளியலறை. அண்ணன் தம்போயிலேயே ஒரு கார்ப் பட்டறையில் மெக்கானிக். எனக்கு ஒரு வயது மூத்தவர் அண்ணி. அவரோடு எனக்குச் சண்டையும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. காலையில் குளியலறைக் கதவருகே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முறைத்துக்கொள்வோம், சாயங்காலம் சேர்ந்து நாடகம் பார்ப்போம்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசியை ஒரு பழைய பால் டின்னால் அளப்பார். முதல் டின்னைப் போடும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஏனென்று கேட்டால், எண்ணிக்கையை ஒன்றில் ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடும் என்பார். பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அம்மா. கூடப்பிறந்தவர்கள் ஒன்பது பேர், பெரியவர்களாகி வளர்ந்தது நாலு பேர். பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினாலே அவருக்குப் பதறும். எனக்கோ எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துவரவே ஒத்துவராது.

அந்த மார்ச் மாதம் கொரோனா நோய் பரவி, பாலத்தை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே கிளம்பி வந்தால் தங்க இடம் தருகிறோம் என்று தொழிற்சாலையிலிருந்து தகவல் அனுப்பினார்கள். துணிமணியை எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் தொலைக்காட்சியில் பாலத்தைக் காட்டினார்கள். பையும் தலையணையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன், பையை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். வேலை போனதற்கு அதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகவே இருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். கைப்பேசியில் யாரோ பாலத்தின் படம் ஒன்றை அனுப்பினார்கள். ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. அந்தப் படத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது. "பாரு, பூமி மூச்சு விடுது" என்று அண்ணியிடம் காட்டினேன். அண்ணி பிள்ளைகளின் பாடத்துக்காக ஒரே கைப்பேசியை மூன்று பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் கைப்பேசியையும் வாங்கி நடுப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அவஸ்தை. வெளியே கூட்டம் இல்லை, எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஏழு பேரும் நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே. முன்கதவிலிருந்து பின்சுவர் வரைக்கும் நடப்பேன், திரும்புவேன், நடப்பேன். மொத்தம் இருபத்திரண்டு தப்படி. வழியில் ஒரு பிள்ளை படுத்திருக்கும், ஒரு பிள்ளை அழும். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி என் விரல் முட்டி தடித்துப் போனது. எங்கேயாவது ஓட வேண்டும் போல இருக்கும். ஓட ஓர் இடம்கூட இல்லை. வீட்டுச் சாமான் வாங்க ஒருவர்தான் போகலாம் என்ற விதி இருந்தது, அந்த ஒருவர் நான்தான் என்று முதல் நாளே சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் பிறந்தும் ஓயவில்லை. விடுவதும் அடைப்பதுமாக இழுத்தது. அப்படி ஒரு நாள் காலையில் அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டு, நான்காவது உண்டாகியிருக்கிறது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அலமாக், இன்னும் ஒண்ணா? எதுக்கு அண்ணி? இருக்குற ஆளையே வச்சுக்க முடியாம உலகம் கொறச்சுக்கிட்டு இருக்கு. நீங்க கூட்டுறீங்க."

 அண்ணி கையில் இருந்த வெங்காயத்தை மறுபடி உரிக்க ஆரம்பித்தார். உரிப்பதற்கு அதில் தோலே இல்லை. அம்மாதான் அரிசி டின்னோடு திரும்பினார்.

"ஒண்ணுன்னு சொல்லாதடி. லாபம்னு சொல்லு."

"லாபமா? குளிக்கிற ரூம்ல கணக்குப் பாருங்க, நட்டம்னு தெரியும்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி நாடகம் பார்க்க வந்து உட்காரவில்லை. மறுநாளும் வரவில்லை. பேச்சு நிற்கவில்லை, ஆனால் தேவைக்கு மட்டும் பேசினார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னது சரிதானே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அண்ணிக்கு எட்டு மாதம் ஆனபோது நோய் எங்கள் தாமானுக்குள் வந்தது. தாமான் என்றால் நாங்கள் இருக்கும் வரிசை வீட்டுக் குடியிருப்பு. முதலில் கடைசி வரிசையில் ஒரு வீடு, பிறகு பட்டறையில் இரண்டு பேர், பிறகு அண்ணன். அவருக்கு லேசான காய்ச்சல்தான். வேன் வந்து தனிமைப்படுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான்காம் நாள் அண்ணிக்கு இருமல். ஆறாம் நாள் மத்தியானம் அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவியை மாட்டினோம். எண் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு எண் புரியாது, என் முகம் புரிந்தது.

ஆம்புலன்சுக்கு அழைத்தேன். எல்லாம் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருப்பது எனக்கு எப்போது வந்திருக்கிறது? அண்ணனுடைய காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன், இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டேன், அண்ணியைப் பின்னால் சாய்த்து உட்கார வைத்தேன். ஏறும்போது அவருடைய ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று விழுந்தது. எடுக்க நேரமில்லை என்று கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் மூன்றும் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூட அழவில்லை.

மருத்துவமனை வாசலில் முழு உடலையும் மூடிய உடுப்பில் ஒரு மிஸ்ஸி நின்றார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பெயர் எழுதிக்கொண்டே மலாயில் கேட்டார், "பெராப்பா ஓராங்?" எத்தனை பேர் என்று.

"செஓராங்" என்றேன். ஒரு ஆள்.

பின்சீட்டிலிருந்து அண்ணி கையைத் தூக்கினார். பேச மூச்சு இல்லை. இரண்டு விரலைக் காட்டினார். மிஸ்ஸி எட்டிப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, "யா லா, டுவா" என்று சொல்லி இரண்டு என்று எழுதினார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு விரலையும் மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.  நான் சொன்னது சரி என்று அத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் உடைந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உள்ளே இடம் நிரம்பி, வெளியே பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கேன்வாஸ் கட்டில்கள், மறுபக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கட்டிலில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. நாற்காலியில் இருப்பவர்களுக்கு, இரண்டு பேருக்கு ஒன்று என்று சின்னது. கூட வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெயிலில் நிற்க வேண்டும். அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து மூக்கில் குழாய் மாட்டினார்கள். மிஸ்ஸி என்னிடம் வந்து, இவருக்குப் படுத்தபடி கூடுதலாக ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், குழந்தைக்கும் போக வேண்டும், அடுத்துக் காலியாகும் கட்டில் இவருக்குத்தான் என்று சொன்னார்.

அடுத்துக் காலியாகும் கட்டில். நான் எண்ணினேன். பதினொரு கட்டில். கால் ஆடத் தொடங்கியது.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் மற்றது எதையும் எழுதி என்ன? நான் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். யார் தேறுகிறார்கள், யாரை உள்ளே வார்டுக்கு எடுத்துப் போவார்கள் என்று பார்த்தேன். அது மட்டும் இல்லை. யார் தேற மாட்டார்கள் என்றும் பார்த்தேன். கயிற்றுக்குப் பக்கத்தில், இரண்டாவது கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். உயரமான ஆள், கால் கட்டிலை விட்டு வெளியே நீட்டியிருந்தது. மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. என் கண் அவரிடமே போய்ப் போய் நின்றது. அவருக்கு நேர் எதிரே நாற்காலியில் அண்ணி.

என் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருக்கும். காலையிலிருந்து நிற்கிறாராம். வாசலுக்கு வெளியே போய்ப் பாலில்லாத் தேநீர், தே ஓ, இரண்டு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றை என் கையில் வைத்தார்.

"குடிங்க. மயங்கி விழுந்தா நமக்கு யாரு இருக்கா? உங்களுக்கு யாரு உள்ள?"

"அண்ணி. எட்டு மாசம்."

"ஐயோ பாவம். எங்கப்பா." இரண்டாவது கட்டிலைக் காட்டினார். "கோத்தா திங்கியிலேருந்து வந்தோம். பஸ் ஓட்டுனவரு. பாலத்துலதான் பாதி ஆயுசு போச்சும்பாரு. ஜாம்ல நிக்கிறப்பகூட ஆரன் அடிக்க மாட்டாராம். எல்லாருக்கும்தானே அவசரம்னு சொல்வாரு."

நான் தே ஓவை உறிஞ்சினேன். பதினோரு வருடத்தில் முழங்கையால் இடித்து ஏறிய பஸ்களில் ஏதோ ஒன்றை அவர் ஓட்டியிருக்கலாம். ஓட்டுநர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் பெண் பேசப் பேச நான் தலையை ஆட்டினேன், கண் மட்டும் கட்டிலையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தது. அண்ணியின் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடம் சொல்கிறேன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும். இரண்டாவது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். நான்கு பேர் உள்ளே போனார்கள். வெகு நேரம் ஆனது. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் உடுப்பு மாட்டி உள்ளே விட்டு, கொஞ்ச நேரத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்திருந்தார்கள். அவர் சுவரோரமாகப் போய் நின்று, கைப்பேசியை எடுத்து, யாருக்கு முதலில் அடிப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலைத் துடைத்து மருந்து தெளித்தார்கள். அண்ணியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் அவரை அணைத்துத் தூக்கிப் படுக்க வைத்து, பெரிய சிலிண்டரின் முகமூடியை மாட்டினார்கள். அவருடைய தோள் முதல் தடவையாக இறங்கியது.

"அப்பாடா!"

சத்தமாகவே சொல்லிவிட்டேன். கையைத் தட்டினேனோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. சுவரோரம் நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினார், யாரோ தன் அப்பாவைக் கூப்பிட்டது போல. கோபம் இல்லை அந்த முகத்தில். யார் கூப்பிட்டது என்று தேடினார், அவ்வளவுதான். நான் சொன்ன சொல்லில் அவர் கேட்டது எதுவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கையில் அவர் வாங்கிக் கொடுத்த தே ஓ பாதி மிச்சம் இருந்தது. அவர் கட்டிலைப் பார்த்தார், அதில் படுத்திருந்த அண்ணியைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். நான் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தபோது அவர் இல்லை.

அண்ணியை அன்றைக்குச் சாயங்காலமே உள்ளே வார்டுக்கு மாற்றி, மறுநாள் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண், கைக்குள் அடங்கும் அளவு. அண்ணி தேறி வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது. வீட்டில் அம்மா அந்த மூன்று வாரமும் அண்ணிக்கும், அண்ணன் திரும்பி வரும்வரை அவருக்கும் சேர்த்தே அரிசி போட்டார். மிஞ்சும் என்று தெரிந்தும் போட்டார். மறுநாள் காலை எல்லாரும் பழைய சோறு சாப்பிட்டோம், நான் உட்பட. 

அண்ணியும் குழந்தையும் திரும்பி வந்த நாள், அண்ணி காரிலிருந்து இறங்கியபோது காலில் பெரிய ஆண்பிள்ளைச் செருப்பு. நீல வார், ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தது என்று நினைத்தேன். அம்மா குழந்தையை வாங்கி, முகத்தைத் துணியால் மூடி, "லாபம்" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் குனிந்து பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் செருப்பு பின்வாசலுக்குப் போனது. துணி காயப்போட, குப்பை கொட்ட என்று எல்லாரும் மாட்டிக்கொள்ளும் செருப்பாக ஆனது. அதிகம் போட்டது நான்தான்.

நோய் ஓய்ந்தது, பாலம் திறந்தது. எனக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முதல் நாள் படிக்கட்டில் ஏறும்போது, எத்தனையோ பேர் போய்விட்டார்களே, கொஞ்சமாவது இடம் இருக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு ஓடியது. வெட்கம் கெட்ட நினைப்பு. ஒரு சாண்கூட இல்லை. முன்பைவிடக் கூட்டம். உலகம் முழுக்க அத்தனை பேர் செத்தும் அந்தப் படிக்கட்டில் ஓர் ஆள் குறைந்ததாகத் தெரியவில்லை. குறைந்தது எங்கே என்றால் எங்கள் தாமானில் தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு வீட்டு வாசலில் இப்போது கோலம் இல்லை. பட்டறையில் ஒரு நாற்காலி மடக்கி வைத்தபடி இருக்கிறது. கோத்தா திங்கியில் ஒரு வீட்டில் மூக்குக்கண்ணாடி ஒன்று ஏதோ அலமாரியில் இருக்கும். நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தக் கணக்கு வரவில்லை. இப்போதும் பூமியில் ஆள் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். யாரைக் குறைப்பது என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ் நின்றால் கால் ஆடுகிறது, வாய் ஆடுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவளுக்கு நாலு வயது, குளியலறைக் கதவைத் தன் பங்குக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் துணி வாளியோடு பின்னால் போனேன். மழை பெய்து தரை வழுக்கியது. நீலச் செருப்பின் வார் பட்டென்று அறுந்து, விழப் பார்த்தேன். சனியன் என்று திட்டிக்கொண்டே இரண்டையும் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அண்ணி அடுப்படிச் சன்னலில் பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்து, தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தார்.

"அறுந்து போச்சு அண்ணி, புதுசு வாங்கிக்கலாம்."

"இத எறியாத." குழாயைத் திறந்து கழுவினார். "இது யாரோடதுன்னு தெரியுமா?"

"அண்ணனோடது."

"ஒங்கண்ணனுக்கு இவ்ளோ பெரிய காலா?"

நான் செருப்பைப் பார்த்தேன். கட்டிலை விட்டு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாளியைக் கீழே வைத்தேன்.

"கட்டிலுக்கு அடியில கெடந்துருக்கு. வார்டுக்கு மாத்துறப்ப என் சாமான்னு நெனச்சு பையில போட்டுட்டாங்க. வீட்டுக்கு வர்ற அன்னிக்குத்தான் பையத் தொறந்தேன். என்னோடது ஒத்தச் செருப்பு, இது ஜோடியா இருந்துச்சு. போட்டுக்கிட்டு வந்துட்டேன். யாருக்குக் குடுக்குறதுன்னும் தெரியல."

"அவருதுன்னு எப்படித் தெரியும்?"

"நேரா எதுத்தாப்புலதானே உக்காந்திருந்தேன்? ரெண்டு மணி நேரம் அவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் செருப்பயும்தான்."

 நாலு வருடமாகச் சொல்லாதது, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

"அண்ணி, அன்னிக்கு ஒங்களுக்குக் கட்டில் கெடச்சப்ப நான்..."

"கேட்டுச்சு."

"அவரோட மக பக்கத்துல நின்னாங்க அண்ணி. அவங்க காதுல..."

"தெரியும். அவங்க திரும்புனதையும் பாத்தேன்."

குழாயை மூடினார். செருப்பை உதறி, சுவரில் சாய்த்து வைத்தார். என் பக்கம் திரும்பாமலேதான் சொன்னார்.

"எனக்கும் அதே வார்த்தைதான் வந்துச்சு. மூச்சு இல்ல. அதான் சொல்லல."

உள்ளேயிருந்து சின்னவள் அம்மா என்று கத்தினாள். அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். போகும்போது, வார் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பார் என்றார். நான் வெறுங்காலோடு நின்று, மிச்சத் துணிகளைக் கொடியில் போட்டேன்.